பதறாத காலே முந்தும்

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வழக்கு. சம்பந்தம் பேசுவது முதல் வியாபாரக் கணக்கு வரை எல்லாவற்றிற்கும் இந்தப் பழமொழியை எடுத்துச் சொல்லும் நாம், விளையாட்டுக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை. விளையாட்டு என்றால் வேகம், வேகம் என்றால் அவசரம் என்று நாமே முடிவு கட்டி விட்டோம்.

விடுமுறை நாட்களின் மாலை நேரத்தில் உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பகுதிகளின் தெருக்களைச் சற்றுக் கவனியுங்கள். சக்கரக் காலணி அணிந்த பிள்ளைகளைக் காண்பீர்கள். கைகளைத் தாறுமாறாக வீசி, கால்களைப் படபடவென்று உதறி ஓடப் பார்க்கிறார்கள். வாசலில் நிற்கும் அத்தா, "இன்னும் வேகமாகப் போ" என்று குரல் கொடுக்கிறார். பிள்ளை விழுகிறான், எழுகிறான், மீண்டும் விழுகிறான். மூன்றாவது வாரம் காலணி பரணுக்குப் போகிறது. பிள்ளையின் கைக்குக் கைபேசி வருகிறது. "அவனுக்கு அதில் ஆர்வமில்லை" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்.

ஆர்வம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. வேகமாகப் போகச் சொன்னோமே தவிர, எப்போது உந்த வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சறுக்கு விளையாட்டின் முழு இரகசியமும் அந்தக் காத்திருத்தலில்தான் அடங்கியிருக்கிறது.

பனி நாட்டார் கற்ற பாடம்

இந்தக் கலையை மிக நுட்பமாக வளர்த்தவர்கள் பனி நாட்டு மக்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் நீண்ட பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி, இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து, காட்டையும் மேட்டையும் கடந்து செல்வது நெடுங்கால வழக்கம். இரண்டு கட்டைகளும் இணையான தடங்களில் முன்னும் பின்னுமாகச் செல்லும் நடை அது.

1970-களில் பின்லாந்து நாட்டு வீரர் பவ்லி சீட்டோனன் நெடுந்தூரப் பந்தயங்களில் ஒரு கட்டையைத் தடத்தில் வைத்துக் கொண்டு, மறு கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து உந்திச் செல்லும் முறையைப் பரப்பினார். அமெரிக்க வீரர் பில் கோச் இத்தகைய நடையை 1980-இல் சுவீடனில் நடந்த ஒரு பந்தயத்தில் கண்டு தாமும் கைக்கொண்டார். 1982-இல் உலகக் கோப்பையை வென்றார். 1985-இல் ஆஸ்திரியாவின் சீஃபெல்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் புதிய நடையே மேலோங்கி நின்றது. அதன்பின் பழைய நடைக்குத் தனிப் பந்தயம், புதிய நடைக்குத் தனிப் பந்தயம் என்று பிரித்தார்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டும் முதன்முறையாகத் தனித்தனியே நடந்தன.

புதிய நடை பார்வைக்குப் பனிக்கட்டியின் மீது ஸ்கேட்டிங் செய்வதைப் போலவே இருக்கும். ஒரு கட்டை சற்றே வெளிப்புறம் நோக்கிச் சறுக்கும். அதன் விளிம்பை அழுத்தி உடலை மறுபுறம் உந்த வேண்டும். மறு கட்டை சறுக்கத் தொடங்கும். வலமும் இடமுமாக ஊசல் போன்ற ஓர் அசைவு. அந்த ஊசலின் தாளம் தப்பினால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு

நம் நாட்டவரும் இந்தக் களத்தில் இறங்கியிருக்கிறார்கள். காஷ்மீரின் குல்மர்கில் இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே பனிச்சறுக்கும் பயிற்றுவிக்கப்படுகிறது. ரஜௌரி மாவட்டத்தைச் சேர்ந்த நதீம் இக்பால் என்னும் இராணுவ வீரர் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பழைய நடைப் பந்தயத்தில் பங்கேற்றார். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஒலிம்பிக்கில் ஜகதீஷ் சிங் புதிய நடைக்குரிய 15 கிலோமீட்டர் பந்தயத்தில் ஓடினார். சுவிட்சர்லாந்தின் டேரியோ கொலோன்யா 33 நிமிடம் 43.9 விநாடியில் முதலிடம் பெற்றார். நம் வீரருக்கு ஏறத்தாழ 43 நிமிடங்கள் ஆயின. இடைவெளி சுமார் 9 நிமிடம்.

இந்த 9 நிமிடத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உந்தலுக்கு 5 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக் கொண்டால், 15 கிலோமீட்டருக்கு 3,000 உந்தல்கள். 9 நிமிடம் என்பது 540 விநாடி. அதை 3,000-ஆல் வகுத்தால் ஓர் உந்தலுக்கு 0.18 விநாடி! ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உடல் வலிமை, மேடு பள்ளம், கருவியின் தரம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்பது உண்மையே. ஆனால் உலகத்தின் முதல்வருக்கும் மற்றவருக்கும் உள்ள பெரும் தூரம், கண் இமைக்கும் நேரம் போன்ற சிறு துண்டுகளால் ஆனது என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. அந்தச் சிறு துண்டைச் சீராக்குவதற்குப் பெயர்தான் நுட்பம்.

பனியே இல்லாத ஊரில் பிறந்தவர்களால் இது முடியுமா? நம் கோவைக்கு வடமேற்கே மலைகளுக்கு அப்பால் இருக்கும் குடகு நாட்டில் பனிச்சறுக்குக்கு இடமேது? அந்தக் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா என்னும் பெண் 2025-இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டர் புதிய நடைப் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

தார்ச்சாலையில் பனிச்சறுக்கு

கோடையில் பனி உருகியதும் பனி நாட்டு வீரர்கள் சும்மா இருப்பதில்லை. சிறு சக்கரங்கள் பொருத்திய கட்டைகளை அணிந்து தார்ச்சாலையில் அதே நடையைப் பழகுகிறார்கள். பனிக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு இதிலிருந்து விளங்கும். ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்த காலணியில் நம் பிள்ளைகள் பழகுவதும் ஏறக்குறைய அதே உந்தல்தான். கையில் ஊன்றுகோல் இல்லை என்பதே பெரிய வேறுபாடு.

இந்தச் சக்கரக் காலணியில் உலகத்தை வென்றவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2021-இல் கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் வெள்ளி பெற்றார். 2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் 1,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம். அடுத்த மாதமே அதே நாட்டின் பெய்தாய்ஹே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம். 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். 500 மீட்டரில் வெண்கலம். குறுந்தூரம், நெடுந்தூரம் இரண்டிலும் ஒருவரே வெல்கிறார் என்றால் அது கால் பலத்தால் மட்டும் ஆகும் காரியமா? சிந்தித்துப் பாருங்கள்.

நுட்பம் மூன்று

முதலாவது, ஒற்றைக் காலில் நிலைபெறுதல். சறுக்கும் காலின் மீது உடலின் முழு எடையும் இறங்க வேண்டும். மூக்கு, முழங்கால், கால் விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். முழங்காலும் கணுக்காலும் மடிந்திருக்க வேண்டும். இடுப்பை மட்டும் மடித்துக் குனிந்தால் முதுகு வலிக்குமே தவிர வேகம் வராது. புதிதாகப் பழகும் பிள்ளை அச்சத்தால் இரு கால்களிலும் பாதிப் பாதியாக எடையைப் பங்கிட்டுக் கொள்கிறது. பாதி எடையால் உந்தினால் பாதி வேகம்தானே கிட்டும்?

இரண்டாவது, பக்கவாட்டில் உந்துதல். நடக்கும்போதும் ஓடும்போதும் நாம் தரையைப் பின்னோக்கி உதைக்கிறோம். அந்தப் பழக்கத்தையே பிள்ளை சக்கரத்திலும் காட்டுகிறது. ஆனால் சக்கரம் முன்னும் பின்னும் உருளும் பொருள்; பின்னோக்கி உதைத்தால் அதுவும் பின்னோக்கி உருண்டு விடும், காலுக்குப் பிடிப்பு இராது. பக்கவாட்டில் அது உருளாது. அங்கேதான் பிடிப்பு உண்டு. ஆகவே பாதத்தைப் பக்கவாட்டில், எல்லாச் சக்கரங்களும் தரையில் பதிந்திருக்க உந்த வேண்டும். விரல் நுனியால் உதைப்பது பெரும்பாலான பிள்ளைகளிடம் காணப்படும் குறை.

மூன்றாவது, காலமறிதல். இதுவே மற்ற இரண்டுக்கும் உயிர். ஒரு கால் சறுக்கிக் கொண்டிருக்கையில் மறு காலை உடலின் அடியில் கொண்டுவர வேண்டும். உடல் மெல்ல உட்புறம் சாயத் தொடங்கும். அந்தக் கணத்தில்தான் சறுக்கும் காலை நீட்டி உந்த வேண்டும். உந்தல் முடியும் தறுவாயில்தான் புதிய கால் தரையைத் தொட வேண்டும். அவசரக்காரர் புதிய காலை முன்னதாகவே, அதுவும் உடலை விட்டு அகலமாக ஊன்றி விடுகிறார். எடை அதன்மேல் பாய்ந்து விடுவதால் பழைய காலின் உந்தல் வீணாகிறது. சோம்பேறியோ சறுக்கல் ஓய்ந்து வேகம் இறங்கும் வரை நின்று விடுகிறார். இரண்டும் தவறு. சமதரையில் நீண்ட சறுக்கல், மேட்டில் குறுகிய சறுக்கல் என்று இடத்துக்கேற்பத் தாளம் மாறும்.

பனிச்சறுக்கில் ஊன்றுகோலுக்கும் இதே நியதிதான். செங்குத்தான மேட்டில் இரு கோல்களும் ஒரு கட்டையும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். அடுத்த கட்டை கோலின்றி இறங்கும். சமதரையில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு முறை கோல் ஊன்றப்படும். முதலில் கோல், பிறகு காலின் உந்தல். இந்த முன்பின் மாறினால் கையும் காலும் ஒன்றுக்கொன்று எதிரியாகி விடும். அதனால் பயிற்றுநர்கள் கோலை ஒதுக்கி வைத்துவிட்டுக் காலின் தாளத்தை மட்டும் பழகச் செய்வதுண்டு.

அமெரிக்க வீரர் சாட் ஹெட்ரிக் 1990-களில் பிரபலமாக்கிய 'இரட்டை உந்தல்' என்றொரு முறையும் உண்டு. ஊன்றிய காலை முதலில் உட்புறம் இழுத்து, பிறகு வெளிப்புறம் உந்தி, ஓர் அடியில் இரு உந்தல்களைப் பெறுவது. அவர் பின்னர் பனிக்கட்டிக் களத்துக்கு மாறி, 2006 டூரின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். முதல் மூன்று பாடங்களும் கைவராத பிள்ளை, கைபேசியில் பார்த்து இதை முயல வேண்டாம். அலிஃப் பா முடியாதவர் யாஸீன் ஓத முனைவதைப் போன்றது அது.

வீட்டில் பழக ஒரு வழி

காலணி அணியாமலே தொடங்குங்கள். வெறுங்காலுடன் வீட்டுத் தரையில், முழங்காலை மடித்து, ஒற்றைக் காலில் 30 எண்ணும் வரை நிற்கட்டும். பிறகு மறு கால். தள்ளாட்டம் நின்ற பிறகு காலணி. முதலில் ஓர் உந்தல். "ஒன்று, இரண்டு" என்று எண்ணி முடித்த பின்பே மறு கால். எண்ணிக்கை வாய்விட்டே இருக்கட்டும்.

அடுத்து, வாகனமில்லாத சமதரையில் சுண்ணக்கட்டியால் 30 மீட்டருக்குக் கோடு போடுங்கள். பிள்ளை ஓடும்போது நேரத்தையும் உந்தல்களின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எடுத்துக்காட்டாக, 20 உந்தல்களில் 10 விநாடி என்றால் ஓர் உந்தலுக்கு 1.5 மீட்டர். பழகியபின் அதே 10 விநாடிக்கு 15 உந்தல் போதும் என்றால் ஓர் உந்தலுக்கு 2 மீட்டர் ஆகிவிட்டது. உழைப்பில் கால் பங்கு மிச்சம். அந்த நீளம் குறையாமல் விநாடிக்கு 2 உந்தல் என்று தாளத்தைக் கூட்டினால், அதே தூரம் 7.5 விநாடியில் முடிந்து விடும். முதலில் நீளம், பிறகு தாளம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நமக்குப் புதிதல்ல

மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு இந்தப் பாடம் புதிதே அல்ல. தஜ்வீதில் மத்து என்பது என்ன? ஓர் எழுத்தை இரண்டு ஹரகத் அளவா, நான்கா, ஆறா என்று எண்ணி நீட்டுவதுதானே! இயல்பான மத்துக்கு இரண்டு. மத்து லாஸிமுக்கு ஆறு. வேகமாக ஓதி முடிப்பவனை எந்த உஸ்தாதும் மெச்சுவதில்லை; எழுத்துக்கு அதன் உரிமையைக் கொடுத்தவனையே மெச்சுகிறார். எழுத்துக்கு உரிமை இருப்பதைப் போலவே, ஒவ்வோர் அடிக்கும் ஓர் உரிமை இருக்கிறது.

அவசரமாகத் தொழுத ஒரு மனிதரை, நீர் தொழவில்லை, மீண்டும் தொழுவீராக என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை திருப்பி அனுப்பிய செய்தியை நாம் அறிவோம். ருகூவில் நிலைபெற்று, நிமிர்ந்து நிலைபெற்று, ஸஜ்தாவில் நிலைபெற்று நிறைவேற்றுமாறு அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். தொழுகை வணக்கம், அதை உடற்பயிற்சியாக்கிப் பேசுவது தகாது. ஆயினும் ஒவ்வொரு நிலையிலும் முழுமையாக நின்று, பிறகே அடுத்த நிலைக்குச் செல்லும் ஒழுக்கம், நாள்தோறும் ஐந்து வேளை பழகுவோரின் மற்ற காரியங்களிலும் படியாமல் போகுமா?

பயிற்சியளவுக்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். வாயில்லாப் பிராணிக்கே தகுதியறிந்து தூரம் வகுத்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், பழகி ஒரு மாதமான பிள்ளையைப் பதக்கத்துக்காக ஓடவிடலாமா?

பெண்பிள்ளைகளும் பழகலாமா?

இந்தக் கேள்வி பல வீடுகளில் எழும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸில் இருக்கிறது. முதல்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தினார்கள். உடல் உறுதி ஆணுக்கு மட்டும் உரியது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் பெற்றன. மகளிர் அணியின் நால்வரில் கார்த்திகா ஜகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் ஆகிய இருவர் நம் தமிழகத்துப் பெண்கள்.

உடையில் மார்க்க வரம்பைப் பேணுவது இதற்குத் தடையன்று. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை காற்சட்டை, தலைக்கவசத்துக்குள் அடங்கும்படி இறுகக் கட்டிய தலைத்துணி போதும். தொங்கும் முனைகள் மட்டும் கூடாது. அவை சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. சிறுமியர் பயிலும் நேரத்தைத் தனியே ஒதுக்குமாறு பயிற்சி நடத்துவோரிடம் நான்கு வீட்டார் சேர்ந்து கேட்டால் பலன் கிட்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

வளரும் பிள்ளை என்று பெருநாள் சட்டையைப் பெரிதாகத் தைப்பது நம் வழக்கம். சக்கரக் காலணியை அப்படி வாங்காதீர்கள். இரண்டு அளவு பெரிய காலணிக்குள் கணுக்கால் உட்புறம் மடிந்து விடும். ஒற்றைக் காலில் நிற்கும் முதல் பாடமே அங்கே பாழாகி விடும். புதிது வாங்க வசதியில்லையானால், அளவு பொருந்திய பழையதே மேல்.

தலைக்கவசம், முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு நான்கும் காலணியோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டியவை. இந்த விளையாட்டில் மிகுதியாக அடிபடுவது மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. முழங்காலை மடித்து, உடலைத் தாழ்த்தி, காப்பின் மீது முன்புறம் விழவும் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

இடமும் முக்கியம். உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் நோக்கிச் செல்லும் மேம்பாலம் 2024-இல் திறக்கப்பட்டது. அதன் வழவழப்பைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசை எழக்கூடும். அது வாகனங்களின் பாதை; அங்கே ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பெரியகுளத்துக் கரையின் நடைபாதை முதியோரும் நோயாளிகளும் நடக்கும் இடம்; அவர்கள் நடுவே பாய்ந்து செல்வது அடுத்தவர் உரிமையைப் பறிப்பதாகும். பள்ளிக்கூட மைதானம், ஆளில்லாத திடல், பயிற்சிக் களம் இவையே ஏற்ற இடங்கள்.

மஃரிபுக்கு முன் பயிற்சி முடியும்படி நேரத்தை வகுத்துக் கொள்ளுங்கள். பாங்கு ஒலித்ததும் சக்கரத்தைக் கழற்றும் பிள்ளைக்குக் காலமறிதல் என்னும் பாடம் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

அன்புப் பெற்றோர்களே! இன்று மாலை உங்கள் பிள்ளை சக்கரம் பூட்டி வாசலில் இறங்கும்போது "வேகமாகப் போ" என்று சொல்லாதீர்கள். "நிலைபெற்று நில், பிறகு உந்து" என்று சொல்லிப் பாருங்கள். பரணில் தூசி படிந்திருக்கும் காலணி இருந்தால் இறக்கித் துடைத்துக் கொடுங்கள். பதக்கம் வருவதும் வராததும் இறைவன் நாட்டம். பதறாமல் நிற்கப் பழகிய கால், வாழ்க்கையின் வழுக்கல்களிலும் நிலைத்து நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு உடல் உறுதியையும் உள்ள நிதானத்தையும் வல்ல அல்லாஹ் வழங்கி அருள்வானாக! ஆமீன்.